345,000 ரூபாவுக்குத் தூசு பிடிக்கலாமா?

கேள்வி: மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகளும் ஆறு வயதுப் பேரனும் என்னோடு இருக்கிறார்கள். பேரனுக்கு அடிக்கடி இழுப்பு வரும். போன கிழமை ரை கட்டிய ஒரு தம்பி வந்து, தண்ணீர்த் தொட்டி வைத்த வக்கியூம் கிளீனர் ஒன்றை ஓட்டிக் காட்டினார். பேரன் படுக்கும் மெத்தையில் வைத்து இழுத்ததும் வெள்ளைத் துணியில் சாம்பல் நிறமாய்த் தூசு படிந்தது. "இதைத்தான் அம்மா பிள்ளை ஒவ்வொரு இரவும் சுவாசிக்கிறார்" என்றார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. விலை 345,000 ரூபா. தவணை என்றால் மாதம் 17,000 வீதம் 24 மாதம். மகள் வேண்டவே வேண்டாம் என்கிறாள். என்ன செய்யட்டும்?

பதில்: ரீச்சர், கையெழுத்து வைக்கவில்லைதானே? அப்படியென்றால் மகளின் பக்கம் நிற்கிறேன்.

முதலில் அந்த வெள்ளைத் துணி. எந்த மெத்தையிலும் பஞ்சுத் தூளும், நம் உடலிலிருந்து உதிர்ந்த தோலும், அதைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசுப் பூச்சிகளின் கழிவும் இருக்கும். அந்தத் தம்பி மறுபடி வந்தால் ஒரு வேலை சொல்லுங்கள்: அதே இடத்தில் புதுத் துணி வைத்து இன்னொரு தரம் இழுக்கட்டும். மறுபடியும் சாம்பல் நிறம் வரும். பிறகு அயல்வீட்டில் சாதாரண மெஷின் இருந்தால் இரவல் வாங்கி, அதன் வாயில் துணியைக் கட்டி இழுத்துப் பாருங்கள். அதிலும் வரும். துணி காட்டுவது மெத்தையின் குணத்தை; மெஷினின் திறமையை அல்ல. பேரப்பிள்ளையின் மெத்தையைப் பார்த்து அந்த வசனத்தைச் சொன்னால் எந்த அம்மம்மாவுக்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும். அது அவருக்கும் தெரியும்.

இழுப்பு விஷயத்துக்கு வருவோம். தூசுப் பூச்சிக்கு ஈரலிப்பு என்றால் கொண்டாட்டம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் கல்லடியில் அதற்குக் குறைவில்லை. உயிருள்ள பூச்சி நூலைக் கால்களால் பற்றிக்கொண்டு கிடப்பதால், எவ்வளவு இழுத்தாலும் பெரும்பகுதி மெத்தையிலேயே தங்கிவிடும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2008இல் வெளியிட்ட மீளாய்வு, மெத்தை உறை, இரசாயனம் என்று பூச்சியைக் குறைக்கும் பல வழிகளைச் சோதித்த 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆஸ்துமாக்காரருக்கு அவற்றால் நன்மை கிடைத்ததாக அதில் தெரியவில்லை. ஆகவே இந்த மெஷினை மருந்துச் செலவுக் கணக்கில் எழுத முடியாது. டொக்டர் தந்த இன்ஹேலரைத் தவறாமல் கொடுங்கள். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் கிழமைக்கு ஒருமுறை 60 பாகைச் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் காயப்போடுங்கள். அந்தச் சூட்டில் பூச்சி சாகும். வீடு கூட்டும்போது பிள்ளையை முற்றத்துக்கு அனுப்பிவிடுங்கள். தும்புத்தடியால் உலரக் கூட்டினாலும் தூசு கிளம்பத்தான் செய்யும், அதனால் பேரனின் அறைக்கு மட்டுமாவது ஈர மொப்.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய தூசு தண்ணீரில் மாட்டும். நுண்ணிய தூசு காற்றுக் குமிழிக்குள் இருந்தபடியே மறுபக்கம் போய்விடும். அதனால்தான் தண்ணீர் மெஷின்களிலும் பின்னால் ஒரு ஃபில்டரைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சேற்றுத் தண்ணீரை ஊற்றி, தொட்டியைக் கழுவிக் காயவைக்கவும் வேண்டும். மாரி காலத்தில் ஒரு நாள் மறந்தால் குளத்து நாற்றம் அடிக்கும். தண்ணீரோடு அந்தப் பாரத்தை அறை அறையாக இழுப்பது யார், நீங்களா மகளா?

சரி, விலை கூடிய மெஷினில் அப்படி என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் காபெட்டுக்கான வேலைப்பாடு. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் செய்த முதல் மெஷினைக் குதிரை வண்டியில் ஏற்றி வந்து தெருவில் நிறுத்தி, நீளக் குழாயை ஜன்னலால் உள்ளே விட்டுக் காபெட்டைத்தான் உறிஞ்சினார்கள். இன்றும் மோட்டார் வைத்த சுழல் பிரஷும் கடும் இழுவையும் காபெட் நூலுக்குள் புதைந்ததைக் கிளப்புவதற்கே. உங்கள் வீடு தைல் போட்டதாகத்தான் இருக்கும், கூடிப்போனால் வாசலில் ஒரு கால்மிதி. தைலின் மேல் மணல் சும்மா கிடக்கிறது. அதை எடுக்கச் சின்ன இழுவை போதும். சுவருக்குச் சுவர் காபெட் விரித்த விடுதி நடத்துகிறவர் என்னிடம் கேட்டிருந்தால் பதில் வேறு.

வோட் கணக்கைக் காட்டியும் மயக்குவார்கள். வோட் என்பது மெஷின் தின்னும் கரண்ட், உறிஞ்சும் பலம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1,600 வோட், 2017இல் 900 வோட் என்று உச்ச வரம்பு போட்டது. அதனால் அங்கே வீடுகள் அழுக்கேறிவிடவில்லை. 1,600 வோட் மெஷினை நாளுக்குக் கால் மணி நேரம் ஓட்டினால் மாதம் 12 யூனிட். நம் மின்பட்டியல் 60, 90, 120 என்று படி படியாக ஏறுவது. 85 யூனிட்டில் நிற்கிற வீடு இந்த 12ஆல் அடுத்த படிக்குத் தாவும்.

தவணைக் கணக்கையும் ஒருக்கால் போட்டுவிடுவோம், நீங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியதுதான். 17,000ஐ 24ஆல் பெருக்கினால் 408,000. கைக்காசு விலையை விட 63,000 கூட. அந்த 63,000ஐத் தனியே எடுத்து வைத்தாலே ஒரு நல்ல மெஷினைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம்.

எதை வாங்குவது? கச்சான் காற்று தொடங்கினால் கல்லடியில் மணல், கேட்காமல் வந்து தங்கும் விருந்தாளி. அது கண்ணாடியைக் கீறும் கடினமுள்ள பொருள். ஃபில்டரில் ஒரு கிழிசல் இருந்தால் போதும், நேரே மோட்டாருக்குள் போய் உள்விசிறியைத் தேய்க்கும். இங்கத்தைய வீட்டுக்கு என் தெரிவு, ஈரம் உலர் இரண்டையும் இழுக்கும் டிரம் வகை. பார்க்க அழகில்லை, சத்தமும் கூட. ஆனால் மணலைத் தாங்கும். 2011 ஜனவரி வெள்ளம் போல ஒன்று வந்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறி வடிந்தால், மிச்சத் தண்ணீரையும் அதுவே உறிஞ்சித் தரும். தண்ணீர் இழுக்க முன் கடதாசி ஃபில்டரைக் கழற்ற மறக்கக் கூடாது. வயரும் பிளக்கும் நனைந்த இடத்தில் கிடக்கவும் கூடாது.

காசைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதென்றால் ஃபில்டருக்குக் கொடுங்கள். 'ஹெப்பா' (மிக நுண்ணிய தூசையும் பிடிக்கும் ஃபில்டர் வகை) என்ற சொல் பெட்டியில் இருப்பது போதாது, உடம்பில் இடுக்கு வழியே காற்று கசிந்தால் எந்த ஃபில்டரும் வீண். கடையில் இப்படிச் சோதியுங்கள்: கறுப்புத் துணியில் ஒரு கரண்டி கோதுமை மாவைக் கொட்டி இழுக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து, காற்று வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றையில் மா மிதந்தால் கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். முகம் சுளிக்கிற முதலாளியிடம் வாங்காமல் விடுவதும் நல்லதே.

அதைவிட முக்கியம் உதிரிப்பாகம். நான் ஒருமுறை கல்முனையில் மலிவாகக் கிடைத்தது என்று ஒன்றை வாங்கினேன். ஒன்பதாம் மாதம் குழாய் கழுத்தில் வெடித்தது. உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டும்தான் என்றார்கள், அந்த மாடலின் குழாய் இனி வராது என்றும் சொன்னார்கள். சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், விருந்தினர் வந்தால் மட்டும் ஒளித்துவைப்பேன். அதனால் பை, ஃபில்டர், குழாய் மூன்றும் மட்டக்களப்பில் எந்தக் கடையில் கிடைக்கும், என்ன விலை என்று முதலில் கேளுங்கள். "கொழும்பிலிருந்து எடுத்துத் தரலாம்" என்ற பதில் எனக்குத் திருப்தி தருவதில்லை. பற்றுச்சீட்டில் மாடல் இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதியிருக்க வேண்டும். பிறகு சிக்கல் வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். ஆறப்போடாதீர்கள்.

கேள்வி: கட்டாரில் இருக்கும் காக்கா விடுமுறைக்கு வரும்போது வயர் இல்லாத ஸ்டிக் வக்கியூம் ஒன்று கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். மனைவிக்கு இடுப்பு வலி, குனிந்து கூட்ட முடியாது. நல்ல விலைச் சாமான். பிரயோசனப்படுமா? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: இங்கே ஆம் என்பேன். இடுப்பு நோகாமல், நினைத்தவுடன் ஒரு கையால் எடுத்து இழுக்கலாம் என்பதற்குத்தான் காசு. கட்டாரில் 240 வோல்ட், இங்கே 230, அந்த வித்தியாசம் பெரிதில்லை; அங்கேயும் 50 ஹேர்ட்ஸ், நம் சதுரமுனைப் பிளக்தான். மின்மாற்றி தேவையில்லை. (கனடாவிலிருந்து வருவது வயர் உள்ளதென்றால் கவனம், அங்கே 120 வோல்ட்.) பெட்டியில் ஒரு மணி நேரம் ஓடும் என்று போட்டிருப்பது மெல்லிய வேகத்தில். உச்ச வேகத்தில் பல மெஷின்கள் பத்து நிமிடத்தில் மூச்சு விட்டுவிடும்.

உயிர் பற்றரியில் இருக்கிறது. சூடு அதற்கு எமன், அஸ்பெஸ்டஸ் கூரை அறையில் சார்ஜ் போட்டு வைக்காதீர்கள். மூன்று, நான்கு வருடத்தில் மாற்ற வேண்டி வரலாம். ஆகவே பற்றரியை வீட்டிலேயே கழற்றி மாற்றக்கூடிய மாடலைக் காக்கா பார்த்து எடுக்கட்டும். இப்போதே இரண்டாவது பற்றரி வாங்கத் தேவையில்லை, சும்மா கிடந்தாலும் அது கிழடாகும். கழற்றிய லித்தியம் பற்றரியைக் கையில் கொண்டுவரும் பையில்தான் வைக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. அதில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பார்த்து, 100க்கு மேல் வந்தால் விமான நிறுவனத்திடம் முதலே அனுமதி கேட்கச் சொல்லுங்கள். கட்டார்க் கடையின் உத்தரவாதம் அக்கரைப்பற்றில் செல்லுமா என்பதையும் அவர் காசு கொடுக்க முன் அங்கேயே கேட்டுவிடட்டும்.