10111 என்ற போலீஸ் அவசர எண்ணுக்கு அடித்தால் யார் வருவார்கள்? தென்னாப்பிரிக்கப் போலீஸ் பற்றிக் கேள்வி பதில்

டர்பனுக்கு வந்து 17 வருடம் ஆகிறது. அதில் ஆறு வருடம் எங்கள் பகுதி ஸ்டேஷனின் சமூகக் காவல் மன்றத்தில் உட்கார்ந்து, மாதாமாதம் அதே புகார்களைக் கேட்டிருக்கிறேன். ஊர்க்காரர்களும் போலீஸும் கூடிப் பேசும் இந்த மன்றத்தை இங்கே எல்லாரும் சி.பி.எஃப். என்பார்கள். போலீஸைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

நிறவெறி ஆட்சி 1994-இல் முடிந்தது. ஆனால் போலீஸ்காரர்கள் அதே ஆட்கள்தானே சார்? மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

பெரும்பாலும் அதே ஆட்கள்தான். பழைய தென்னாப்பிரிக்கப் போலீஸோடு, நிறவெறி அரசு கறுப்பர்களுக்கென்று பிரித்து வைத்த, பந்துஸ்தான் எனப்பட்ட பத்துத் 'தாயகங்களின்' படைகளையும் சேர்த்து, மொத்தம் பதினோரு படைகளை 1995-இல் ஒன்றாக்கினார்கள். பெயரில் இருந்த விறைப்பை எடுத்துவிட்டு 'போலீஸ் சேவை' என்று வைத்தார்கள். ராணுவப் பதவிப் பெயர்களும் போயின. 2010-இல் அவை திரும்பி வந்தன, தலைமை ஆணையர் மறுபடியும் 'ஜெனரல்' ஆனார். அப்போதைய ஜெனரல் பெகி செலே. மக்களிடம் கேட்டு மாற்றியதாக எனக்குத் தெரியவில்லை.

மக்கள் ஏற்றுக்கொண்டார்களா என்றால், பழைய போலீஸின் அன்றாட வேலை என்ன என்று பாருங்கள். திருடனைப் பிடிப்பதைவிட, கறுப்பர்களை நிறுத்தி பாஸ் புத்தகத்தை (அவர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகம்) கேட்பதுதான் பெரிய வேலை. 'இங்கே உனக்கென்ன வேலை?' அதற்குத் தாளில் பதில் இல்லையென்றால் உள்ளே. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் கூட்டம் திரண்டது போலீஸ் ஸ்டேஷன் வாசலில்தான். பாஸ் இல்லாமல் வந்திருக்கிறோம், பிடித்துக்கொள் என்றார்கள். சுட்டார்கள். 69 பேர் செத்தார்கள், பலருக்கு முதுகில் குண்டு. ஸ்டேஷன் வாசல் என்றால் அந்தத் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது அது. புகார் கொடுக்கும் இடம் என்ற எண்ணம் அதற்கப்புறம்தான் வரவேண்டியிருந்தது.

சி.பி.எஃப். கூட்டத்தில் என்னதான் நடக்கும் அண்ணா? உருப்படியான ஏற்பாடா?

1995 போலீஸ் சட்டத்திலேயே இருக்கிறது, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒன்று. நோக்கம் நல்லது. நடப்பு இப்படி: பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, பிஸ்கட். ஸ்டேஷன் கமாண்டர் எழுந்து வாசிப்பார், வீடு புகுந்து திருட்டு இத்தனை, கார் இத்தனை என்று. வசதியான தெருக்காரர்கள் காமிரா பற்றிப் பேசுவார்கள். பின்வரிசைக்காரர்கள் கடைசியில் பேசுவார்கள்.

ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். மகனைக் கத்தியால் குத்திய வழக்கு. டாக்கெட் காணாமல் போய்விட்டதாம் (வழக்குக் கோப்புக்கு இங்கே டாக்கெட் என்றுதான் பெயர்). திரும்ப வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் முதலில் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் கையில் இருந்தது. பாட்டி சொன்னது ஜூலு மொழியில், எழுதியவர் எழுதியது ஆங்கிலத்தில். அதை யாரோ வாசித்து ஜூலுவில் சொன்னபோது, 'நான் இப்படிச் சொல்லவே இல்லையே' என்றார். கத்தி யார் கையில் இருந்தது என்பதே மாறிப் போயிருந்தது. பேசும் மொழியில் கேட்டு, அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி, அதைக் கோர்ட்டில் வைத்து 'நீ முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறாய்' என்பது இந்த நாட்டில் நாள்தோறும் நடக்கும் கூத்து. பேசும் ஆட்சிமொழிகள் மட்டும் பதினொன்று. வாக்குமூலத்துக்கு என்னவோ பெரும்பாலும் ஒன்றுதான்.

ஆள் பற்றாக்குறைதான் பிரச்சினை என்கிறார்களே?

ஆள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். கேப்டவுன் ஓரத்தில் கயலிட்ஷா என்று ஒரு பெரிய டவுன்ஷிப் (நிறவெறிக் காலத்தில் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு) இருக்கிறது. அங்கே பிடிபட்ட திருடனைக் கூட்டமே அடித்துக் கொல்வது வழக்கமாகிவிட்டது. போலீஸ் வருவதில்லை, வந்தால் வழக்கு நிற்பதில்லை, நாமே பார்த்துக்கொள்வோம் என்ற நிலை. 2012-இல் மாகாண முதல்வர் ஹெலன் சில்லே விசாரணை ஆணையம் அமைத்தார். போலீஸ் அமைச்சர் அதை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய் 2013-இல் தோற்றார். அப்புறம்தான் விசாரணை நடந்தது. 2014-இல் அறிக்கை வந்தது.

அதில் வெளிவந்த எளிய சங்கதி: கொலை அதிகம் நடக்கும் ஏழைக் கறுப்பர் பகுதிகளில் தலைக்கு இத்தனை போலீஸ் என்ற கணக்கு மிகக் குறைவு. வசதியான பகுதிகளில் அதைவிட எவ்வளவோ அதிகம். யாரும் இன்று உட்கார்ந்து சதி செய்யவில்லை. பழைய ஏற்றத்தாழ்வு கணக்குச் சூத்திரத்துக்குள் ஒளிந்துகொண்டு தொடர்ந்தது. 2018 டிசம்பரில் சமத்துவ நீதிமன்றம் இந்தப் பங்கீடு இனத்தின் பேரிலும் வறுமையின் பேரிலும் பாகுபாடு காட்டுகிறது என்றே தீர்ப்பளித்தது.

இன்னொன்றும் உண்டு. தகரக் குடிசைகள் நெருக்கியடித்த இடத்தில் தெருப் பெயர் இல்லை, கதவிலக்கம் இல்லை, விளக்கு இல்லை, வேன் நுழைய வழியும் இல்லை. 10111-க்கு அடித்து எந்த முகவரியைச் சொல்வீர்கள்?

பணம் உள்ளவர்கள் வேறு வழி தேடிக்கொண்டார்கள். போலீஸில் ஏறத்தாழ 1.8 லட்சம் பேர் இருக்கிறார்கள். வேலையில் இருக்கும் தனியார் காவலர்கள் 5 லட்சத்துக்கும் மேல். வசதியான தெருக்களில் சுவருக்குச் சுவர் 'ஆயுதத்தோடு வருவோம்' என்று கம்பெனி போர்டு தொங்கும். பட்டனை அழுத்தினால் சில நிமிடத்தில் ஆள் வரும். எனக்கும் அந்த பட்டன் இருக்கிறது, மறைக்கவில்லை.

மரிக்கானாவில் உண்மையில் நடந்தது என்ன?

2012 ஆகஸ்ட் 16. பிளாட்டினம் சுரங்கத் தொழிலாளர்கள் 12,500 ராண்ட் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்து ஒரு பாறைக்குன்றில் கூடியிருந்தார்கள். அந்த வாரத்தில் அதற்கு முன்பே பத்துப் பேர் செத்திருந்தார்கள், அதில் இரண்டு போலீஸ்காரர்கள். அதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. அன்று போலீஸ் சுட்டதில் 34 பேர் செத்தார்கள். டி.வி.யில் உலகம் பார்த்தது பாதியைத்தான், 17 பேரை. மீதி 17 பேர் காமிராவுக்கு எட்டாத இன்னொரு குன்றின் பாறைகளுக்கு நடுவே விழுந்தார்கள். ஃபார்லாம் ஆணையம் விசாரித்து, கூட்டத்தைக் கலைக்க ஆர்-5 மாதிரியான தானியங்கித் துப்பாக்கி கூடாது என்றது. என்னைக் கேட்டால், பெயரை 'சேவை' என்று மாற்றியதன் மீதி மதிப்பும் அன்றோடு போயிற்று.

போலீஸையே யார் விசாரிப்பார்கள்?

ஐ.பி.ஐ.டி. என்ற தனி அமைப்பு. லாக்கப் சாவு, போலீஸ் சுட்டது, சித்திரவதை, போலீஸ்காரர் செய்த பாலியல் வன்முறை எல்லாம் சட்டப்படி அவர்கள் கைக்குப் போகவேண்டும். கையில் வழக்குகள் மலை மாதிரி, ஆட்கள் கொஞ்சம். ஆனாலும் தண்டனையே கிடையாது என்று நினைக்காதீர்கள். 2013-இல் டேவிடனில் மொசாம்பிக் நாட்டு டாக்ஸி ஓட்டுநர் மிடோ மசியாவை போலீஸ் வேனின் பின்னால் கட்டி இழுத்துப் போனார்கள், ஸ்டேஷனில் இறந்தார். எட்டுப் போலீஸ்காரர்களுக்குத் தலா 15 வருடம் கிடைத்தது. காரணம், தெருவில் நின்றவர்கள் செல்போனில் எடுத்த வீடியோ.

2021 கலவரத்தில் ஃபீனிக்ஸில் இந்தியர்கள் தற்காப்புக்காகத்தானே செய்தார்கள்? ஏன் பழி போடுகிறார்கள்?

இந்தக் கேள்வி மட்டும் ஏழு பேரிடமிருந்து வந்தது. பயம் உண்மை. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் சூமா சிறைக்குப் போனதை அடுத்துக் கிளம்பிய கலவரத்தில் நாடு முழுக்க 350-க்கு மேல் செத்தார்கள். கடைகள், கிடங்குகள் எரிந்தன. போலீஸைக் காணவில்லை. குடியரசுத் தலைவர் அமைத்த நிபுணர் குழுவே போலீஸும் உளவுத்துறையும் தோற்றதைச் சொல்லிவிட்டது.

ஆனால் ஃபீனிக்ஸில் செத்த 36 பேரில் பெரும்பாலோர் கறுப்பர்கள். டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸ், நிறவெறிச் சட்டம் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய ஊர். பக்கத்தில் கறுப்பர்கள் வாழும் இனாண்டா, பம்பாயி. அங்கிருந்து கடைக்கும் வேலைக்கும் போகிறவர்கள் ஃபீனிக்ஸ் வழியாகத்தான் போகவேண்டும். அந்த வழியில் தடுப்புப் போட்டு நிறுத்தினார்கள்.

அந்த வாரம் எங்கள் தெருமுனையிலும் டயர் போட்டுக் காவல் நின்றோம், நானும்தான். இரவு ஷிஃப்ட் முடிந்து ஒரு கறுப்பு நர்ஸ் காரில் வந்தார், சீருடையில். அவரை நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். 'இங்கே உனக்கென்ன வேலை?' அவர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். அவருக்குப் பின்னால் வந்த, யாருக்கும் தெரியாத ஓர் இந்தியரின் காரைக் கையசைத்து அனுப்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் கேள்விக்கான பதிலில் பாஸ் புத்தகம் பற்றி எழுதியபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த நர்ஸின் முகம்தான்.

தற்காப்பு எல்லாருக்கும் உரிமை. தெருவில் போகிறவரை நிறுத்திக் கேட்க எங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

தமிழர்கள் அங்கே போலீஸில் இருக்கிறார்களா?

தாராளமாக. சட்டையில் கவண்டர், பிள்ளை, மூட்லி என்று பெயர்ப்பட்டை பார்க்கலாம். தமிழில் பேசிப் பார்க்காதீர்கள், 'சாரி, ஆத்தாவுக்குத்தான் தெரியும்' என்பார்கள்.

போன வருடம் போலீஸ் அதிகாரியே அமைச்சர் மேல் குற்றம் சாட்டினாராமே?

2025 ஜூலை 6. டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தின் போலீஸ் ஆணையர் ம்க்வானாசி, ஆயுதம் தாங்கிய அதிரடிப்படையினர் சூழப் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். அரசியல் கொலைகளை விசாரித்த தனிப்படையைக் கலைத்துவிட்டார்கள், 121 டாக்கெட்களை எடுத்துப் போய்விட்டார்கள், குற்றக் கும்பலோடு போலீஸ் அமைச்சர் ம்சுனுவுக்குத் தொடர்பு என்றார். அமைச்சர் மறுத்தார். அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பி, நீதிபதி மட்லாங்கா தலைமையில் விசாரணை ஆணையம் போட்டார்கள். ஊரெல்லாம் ம்க்வானாசியைக் கொண்டாடுகிறது. எனக்குக் கொஞ்சம் தயக்கம். சீருடைக்காரர் ஆயுதப் படையோடு வந்து அரசியல் பேசுவதை, பேச்சு சரியாகவே இருந்தாலும், கைதட்டிப் பழகக் கூடாது.

அடுத்த மாதம் வேலைக்கு டர்பன் வருகிறேன். போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது?

வாங்க தம்பி. முதலில் யார் நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். மெட்ரோ போலீஸ் நகராட்சியுடையது, பெரும்பாலும் போக்குவரத்து. வழக்கு விசாரிப்பது தேசியப் போலீஸ். 'ரொம்ப வெயில், கூல்டிரிங்க் ஏதாவது...' என்று இழுத்தால் காசு கேட்கிறார் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே அபராதச் சீட்டைக் கேளுங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவார். திருட்டுப் போனால் கட்டாயம் புகார் கொடுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் வழக்கு எண் வரும், அது இல்லாமல் இன்ஷூரன்ஸ்காரர் பேசவே மாட்டார்.

பாஸ்போர்ட்டையும் விசாவையும் நகல் எடுத்து ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்கள். ஒரிஜினலைப் பார்த்து முத்திரை குத்திக் கொடுப்பார்கள், இலவசம். காலையிலேயே போய்விடுங்கள், வரிசை நீளம். மூன்று மாதம் தாண்டிய முத்திரையைப் பல ஆபீசில் ஏற்பதில்லை, அதனால் ஒரேயடியாகப் பத்து நகல் எடுத்து வைக்கவேண்டாம்.