தாடைப் பருக்களும் தை மாதக் கல்யாணமும்

கேள்வி: எனக்கு 26 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரி நாட்களில் நெற்றியில் வந்த பருக்கள் தானாகவே போய்விட்டன. மூன்று வருடமாகத் தாடையிலும் மோவாயிலும் மட்டும் வருகின்றன. பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்பு, முனையே தெரியாமல் உள்ளுக்குள் கட்டியாக வீங்கி வலிக்கும். வற்றினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் இருக்கும். பீரியட்ஸும் 45, 50 நாளுக்கு ஒரு முறைதான். தெரிந்தவர் சொன்னார் என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு நைட் கிரீம் வாங்கிப் போட்டேன். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. எட்டு மாதம் ஆகிறது. இப்போது இரண்டு நாள் போடாவிட்டால் முகம் சிவந்து எரிகிறது, பருவும் முன்பைவிட அதிகம். டியூபில் மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்று அச்சிட்டிருக்கிறது. தை மாதம் எனக்குக் கல்யாணம். "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும், இதற்கெல்லாம் மாத்திரை சாப்பிட்டால் குழந்தை நிற்காது" என்கிறார் அம்மா. நிரந்தரத் தீர்வு உண்டா, டாக்டர்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பருவைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அந்த டியூப்தான். அதை முதலில் பேசிவிடுவோம்.

மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. உங்கள் டியூபில் இருக்கும் மூன்றும் சேர்ந்த கலவை, மங்கு போன்ற பிரச்சினைக்கு, மருத்துவர் பார்த்து, சில வாரங்களுக்கு மட்டும் போடச் சொல்வது. வீக்கத்தையும் சிவப்பையும் சட்டென்று அமுக்கிவிடும், நிறத்தையும் வெளுக்க வைக்கும். அதனால்தான் பத்து நாளில் உங்கள் முகம் பளிச்சென்று தெரிந்தது. மாதக்கணக்கில் போடும்போது தோல் மெலிந்துபோகிறது. கன்னத்தில் சிவப்பு நூல் போல ரத்தக் குழாய்கள் தெரியும், பூனைமுடி அதிகமாகும், வெயில் பட்டாலே எரியும். பருவுக்காகப் போட்ட கிரீமே ஒரு புதுவிதப் பருவையும் கொண்டுவரும். நிறுத்தினால் அமுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடியும் அதையே போடத் தோன்றும். இப்படிச் சிக்கிக்கொண்ட பெண்கள் நம் ஊரில் ஏராளம். இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கென்றே தனிக் குழு வைத்துப் பல வருடங்களாகப் போராடுகிறது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் உங்களுக்குச் சீட்டு இல்லாமல்தான் கிடைத்திருக்கிறது. இதில் நீங்கள் குற்ற உணர்வு கொள்ள ஒன்றுமே இல்லை.

எட்டு மாதம் போட்டதை நீங்களாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். சிலருக்கு உடனே நிறுத்தச் சொல்லி எரிச்சலுக்கு வேறு மருந்து கொடுப்போம், சிலருக்கு வீரியம் குறைந்ததாக மாற்றிப் படிப்படியாகக் குறைப்போம். எப்படியானாலும் முதல் சில வாரங்கள் முகம் மோசமாகத்தான் தெரியும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் அந்த வாரங்களில்தான் பலர் மனம் உடைந்து பழைய கிரீமுக்குத் திரும்புகிறார்கள். அந்தச் சமயத்தில் மென்மையான கிளென்சர், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், இவை மட்டும் போதும். ஸ்கிரப், ஃபேஷியல், பிளீச் எதுவும் வேண்டாம்.

சரி, பருவுக்கு வருவோம். 20 வயதைத் தாண்டிய பெண்ணுக்குத் தாடையில், மாதவிலக்கையொட்டி, ஆழமாக வருகிறது என்றாலே ஹார்மோன் பரு என்றுதான் முதலில் நினைப்போம். ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோன் பெண் உடம்பிலும் கொஞ்சம் சுரக்கிறது. அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. எண்ணெய் அதிகமாகி, துளையின் வாயில் இறந்த செல்கள் அடைத்து, உள்ளே இருக்கும் கிருமி பெருகி வீங்கினால் பரு. பலருக்கு ரத்தத்தில் ஆண்ட்ரோஜன் அளவு சரியாகவே இருக்கும். சுரப்பிகள்தான் அதற்குக் கூடுதலாகத் துள்ளுகின்றன. அதனால் "டெஸ்ட் நார்மல், உனக்கு ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால் பரு கற்பனை என்று ஆகிவிடாது.

ஆனால் உங்களுக்கு மாதவிலக்கு 45, 50 நாளுக்கு ஒரு முறை வருகிறது. இதை விட்டுவிட முடியாது. பிசிஓஎஸ், அதாவது சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு, இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உலகத்தில் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கும் விஷயம் இது, பயப்பட வேண்டாம். மாதவிலக்கு தள்ளிப்போவது, ஆண்ட்ரோஜன் அதிகமாக இருப்பதற்கான அடையாளங்கள், ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம், இந்த மூன்றில் இரண்டு இருந்து, வேறு காரணங்கள் இல்லை என்று உறுதியானால் பிசிஓஎஸ். ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். ஹார்மோன் பரிசோதனைகளைப் பெரும்பாலும் மாதவிலக்கு தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் எடுப்பது வழக்கம். மேலுதட்டிலோ மோவாயிலோ முடி முரட்டுத்தனமாக வளர்கிறதா, தலைமுடி உச்சியில் மெலிகிறதா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சில மாதங்களுக்குள் முடி வேகமாக வளர்ந்து, குரலும் கட்டையானால் மட்டும் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எரிச்சல் அடங்கிய பிறகு பூச்சு மருந்துகளைத் தொடங்கலாம். இரவில் அடாபலீன் 0.1 சதவீத ஜெல், பட்டாணி அளவு, முழு முகத்துக்கும். பரு மேல் மட்டும் பொட்டு வைப்பது போலத் தடவினால் பலன் குறைவு, ஏனென்றால் அடுத்த மாதம் வரப்போகும் பரு இன்று கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. முதலில் வாரம் இரண்டு இரவு, தோல் பழகப் பழகத் தினமும். பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் குறைக்கும். 2.5 சதவீதமே போதும். சதவீதம் கூடினால் எரிச்சல்தான் கூடுகிறது, பலன் அவ்வளவாகக் கூடுவதில்லை. தலையணை உறையையும் துப்பட்டாவையும் அது வெளுத்துவிடும், கவனம். கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போடாதீர்கள், கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

நம் நிறத்துத் தோலுக்கு எனக்குப் பிடித்த மருந்து அசெலாயிக் ஆசிட். பருவையும் குறைக்கும், பரு விட்டுப்போன கறுப்பையும் மெதுவாக மங்க வைக்கும், கர்ப்பக் காலத்திலும் போடலாம். ஆனால் சன்ஸ்கிரீன் போடாமல் இதைப் போட்டால் கறுப்பு மங்குவது கடினம். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், காலையில் தாராளமாகத் தடவுங்கள். வெளியில் அலையும் நாளில் மதியம் மறுபடியும்.

எந்தப் பூச்சு மருந்தையும் 8 முதல் 12 வாரம் போடாமல் பலனைத் தீர்மானிக்க முடியாது. மூன்று வாரத்துக்கு ஒரு புது டியூப் என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்குத் தோல் பாழாவதுதான் மிச்சம்.

இனி மாத்திரைகள். அம்மாவின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன், அதில் பாதி உண்மை இருக்கிறது. இந்த மாத்திரைகளால் குழந்தை பெறும் திறன் போய்விடும் என்பது தவறு. ஆனால் இவற்றில் சில மாத்திரைகளைச் சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரித்தால் கருவுக்கு ஆபத்து வரலாம் என்பது உண்மை. அதனால் உங்கள் சிகிச்சை முழுவதும் ஒரே ஒரு பதிலைப் பொறுத்திருக்கிறது. கல்யாணம் ஆனதும் குழந்தை வேண்டுமா, ஒன்றிரண்டு வருடம் கழித்தா? இதை உங்களுக்குள் முடிவு செய்து, வருங்காலக் கணவரிடமும் பேசிவிட்டு, மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ஹார்மோன் கலவை மாத்திரைகள், அதாவது கருத்தடை மாத்திரைகள், ஆண்ட்ரோஜனின் வேகத்தைக் குறைக்கும், மாதவிலக்கையும் ஒழுங்காக வரவைக்கும். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இதையா கொடுப்பது என்று வீட்டில் அதிர்ச்சி அடைவார்கள். பருவுக்கும் பிசிஓஎஸ்ஸுக்கும் கொடுக்கிறோம், அவ்வளவுதான். கண்ணில் மின்னல் போலத் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், ரத்தம் உறைந்த வரலாறு உங்களுக்கோ நெருங்கிய உறவிலோ இருந்தால் இது ஆகாது.

ஸ்பைரோனோலாக்டோன் பழைய ரத்த அழுத்த மாத்திரை. ஆண்ட்ரோஜன் தோலில் வேலை செய்வதைத் தடுக்கும் என்பதால் பெண்களின் பருவுக்கும் கொடுக்கிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் செய்த ஆய்வு 2023-ல் வெளியானது. 12 வாரத்தில் கொஞ்சம் வித்தியாசம்தான் தெரிந்தது, 24 வாரத்தில்தான் நன்றாகத் தெரிந்தது. உங்கள் கல்யாணத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருப்பதால் இதைச் சொல்கிறேன். ஆனால் ஆண் கருவின் வளர்ச்சியை இது பாதிக்கக்கூடும் என்பதால், குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே நிறுத்த வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு ஆகாது. மாதவிலக்கு இன்னும் தாறுமாறாகலாம், அதனால் பலருக்குக் கருத்தடை மாத்திரையோடு சேர்த்தே தருவோம்.

ஐசோட்ரெட்டினாயின் எல்லாவற்றையும்விட வலுவானது. பள்ளம் விழும் பருவுக்கும், மற்றதெல்லாம் பலன் தராதபோதும் தரும் மருந்து. இதைச் சாப்பிடும்போது கர்ப்பமானால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகள் வரக்கூடும். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்தி ஒரு மாதம் வரை கர்ப்பம் கூடவே கூடாது. இதையும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் பெண்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

கல்யாணம் ஆனதும் குழந்தை வேண்டும் என்றால் அசெலாயிக் ஆசிட், பென்சாயில் பெராக்சைடு போன்றவற்றோடு நிற்போம். அடாபலீனையும் முயற்சிக்கு முன் நிறுத்திவிடுவோம். பிசிஓஎஸ் உறுதியானால் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்ப்பார். கல்யாணம் ஆனால் பரு தானாகப் போகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

நிரந்தரத் தீர்வு கேட்டிருக்கிறீர்கள். ஹார்மோன் பருவை அடக்கி வைக்க முடியும், நன்றாகவே முடியும். ஆனால் முகம் தெளிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வருகிறது. பூச்சு மருந்தைக் குறைந்த அளவில் தொடர வேண்டியிருக்கும்.

சாப்பாட்டில், சர்க்கரை, மைதா, பாட்டில் குளிர்பானம் குறைத்தால் சிலருக்குப் பரு குறைகிறது. பாலும் ஜிம் புரோட்டீன் பவுடரும் சிலருக்குக் கூட்டுகின்றன. அதற்காகப் பட்டினி வேண்டாம். தேங்காய் எண்ணெய் தலைக்குச் சரி, முகத்துக்கு வேண்டாம். எலுமிச்சைச் சாறும் டூத்பேஸ்ட்டும் தோலைப் புண்ணாக்கி, அந்தப் புண் கறுப்பாக நிற்கும்.

கல்யாணத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில் புதிதாக எதையும் முகத்தில் போட்டுப் பார்க்காதீர்கள், பார்லர் பேக்கேஜில் இலவசமாகக் கிடைக்கும் பிளீச்சையும் சேர்த்துத்தான். கல்யாண வாரத்தில் பெரிய கட்டி ஒன்று கிளம்பினால் கிள்ளாதீர்கள். தோல் மருத்துவர் அந்தக் கட்டிக்குள் மட்டும் மிகச் சிறிய அளவு மருந்தை ஊசியால் செலுத்தினால் இரண்டு, மூன்று நாளில் அமுங்கிவிடும். அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் அளவு தெரிந்த கையால் ஒரே ஒரு முறை. நலங்கு வைக்கும் அன்று காலையில் போய் நிற்காமல், நான்கைந்து நாள் முன்பே போய்விடுங்கள்.