ஒரு எண்ணை அழுத்தினால் தானியங்கி விற்பனை இயந்திரத்தில் வேறு சுருள்களும் அசைவது ஏன்?

நொறுக்குத்தீனி விற்கும் இயந்திரத்தில் ஏ1 எண்ணை அழுத்தும்போது ஏ1 சுருள் ஒழுங்காகச் சுற்றினாலும் ஏ2, பி1 ஆகியவையும் மெல்ல அசைகின்றன, கட்டுப்பாட்டு போர்டை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். எனக்குச் சந்தேகம் வருவது, உங்கள் கேள்வியில் பெயரே வராத பி2 மீதுதான்.

இவ்வகை இயந்திரங்களில் சரக்கைத் தள்ளும் ஒவ்வொரு சுருளையும் சுற்ற ஒரு மோட்டார் உண்டு; பெரும்பாலும் அவை 24 வோல்ட் டிசி மோட்டார்களாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இரண்டு கம்பி இழுத்தால் 40 மோட்டார்களுக்கு 80 கம்பி வேண்டும் என்பதால், பள்ளிக் கணக்கில் வரும் அணியைப் போல அவற்றை நிரை, நிரலாக இணைத்து, 5 நிரை, 8 நிரலுக்கு 13 கம்பிகளோடு முடித்துவிடுகிறார்கள். ஏ நிரைக்கு 24 வோல்ட் கொடுத்து, முதல் நிரலை எதிர்முனையோடு இணைத்தால் ஏ1 சுற்றும்.

ஆனால் மின்னோட்டத்துக்கு ஒரு சுற்றுவழியும் இருக்கிறது. ஏ2 வழியாக இரண்டாம் நிரலுக்கு இறங்கி, பி2 வழியாகப் பின்னோக்கி பி நிரைக்கு ஏறி, பி1 வழியாக முதல் நிரலை அடைந்துவிடலாம். இதைத் தடுக்கவே, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு ஒவ்வொரு மோட்டாரோடும் வைக்கப்படுகிறது. பி2 இன் டயோடு ஷார்ட் ஆகிவிட்டால் தடை நீங்கி, மூன்று மோட்டார்களும் தொடராக இணைந்து, ஆளுக்குச் சுமார் 8 வோல்ட்டைப் பகிர்ந்துகொண்டு சோம்பலாக அசையும். உற்றுப் பாருங்கள், பி2 எதிர்த்திசையில் நகரும். மேலும் பி நிரையிலோ இரண்டாம் நிரலிலோ உள்ள எண்களை அழுத்தும்போது இந்தக் கோளாறு வராது. இரண்டும் பொருந்தினால் ஐயமே வேண்டாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே அறிகுறிக்காகப் போர்டை மாற்றி, புதுப் போர்டிலும் அதே அசைவைக் கண்டு விழித்தவன்.

உறுதிசெய்ய, மின்சாரத்தை நிறுத்தி, பி2 இன் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வைத்து இரு திசையிலும் பாருங்கள். நல்ல டயோடு ஒரு திசையில் மட்டும் ஏறத்தாழ 0.6 வோல்ட் காட்டும். சில தயாரிப்புகளில் டயோடு மோட்டாரில் இல்லாமல் போர்டிலேயே இருக்கும் என்பதால், முதலில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மாறாக, எந்த நிரையை அழுத்தினாலும் அந்த நிரையின் நான்காம் சுருள் முழு வேகத்தில் கூடவே சுற்றினால், நான்காம் நிரலை எதிர்முனையோடு இணைக்கும் சுவிட்சாகப் போர்டில் இருக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும். அப்போது போர்டைக் குறை சொல்லலாம். ஒரு தட்டு முழுவதும் செத்துக் கிடந்தால், தட்டை இழுத்து இழுத்துத் தளர்ந்த கனெக்டரை முதலில் பாருங்கள். ஒரே ஒரு சுருள் மட்டும் அசையாவிட்டால், பக்கத்து மோட்டாரோடு இடம் மாற்றிப் பார்த்தால் போதும். கோளாறும் கூடவே இடம் மாறினால் மோட்டார்தான் காரணம்.

டயோடை மாற்றிய பின், இத்தனை நாள் அரைகுறையாக நகர்ந்த சுருள்கள் தம் தொடக்க நிலையில் நிற்காது. ஒரு சுற்று முடிந்ததைப் போர்டுக்குச் சொல்லும் மைக்ரோசுவிட்ச் சரியான இடத்துக்கு வரும்படி, சோதனை முறையில் ஒவ்வொன்றையும் ஒருமுறை சுற்றவிட்ட பிறகே சரக்கை அடுக்குங்கள்.