டெபுஸ்ஸி, ராவெல், சாட்டி: இவர்களின் இசைக்கும் ஓவியம், கவிதைக்கும் உண்மையில் என்ன தொடர்பு?

மூவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்துப் பிரெஞ்சு இசையமைப்பாளர்கள். கேட்டவர் கேள்விக்குக் கீழே ஒரு குறிப்பும் போட்டிருக்கிறார். டெபுஸ்ஸியை எல்லாரும் 'இம்ப்ரெஷனிஸ்ட்' (வெளிச்சம் கண்ணில் பட்ட கணத்தைத் தீட்டிய ஓவியப் பாணிக்காரர்) என்கிறார்களே, அந்தப் பாணி ஓவியர் மோனேயின் அல்லிக்குளத்தை அட்டையில் போட்டுத்தானே அவர் இசைத்தட்டுகள் வருகின்றன, அப்படியானால் அவர் ஓவியங்களைப் பார்த்து இசை எழுதினாரா என்று.

எனக்குத் தெரிந்தவரை, மோனேயை விடக் கவிஞர்கள்தான் டெபுஸ்ஸிக்கு நெருக்கம். ஓவியம் என்று வந்தாலும் அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது ஒரு ஜப்பான்காரரின் படம். 1910-இல் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது, தேடினால் உடனே கிடைக்கும். பாரிஸில் டெபுஸ்ஸியின் வீடு, டெபுஸ்ஸியும் இளைஞரான ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும் இருக்கிறார்கள், பின்னால் சுவரில் ஹொக்குசாயின் பேரலை ஓவியம். படத்தை எடுத்தவர் எரிக் சாட்டி. இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி அந்த ஒரே படத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றும். இந்த ஆட்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்து, ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே படங்களையும் புத்தகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

அதே அலைதான் 1905-இல் டூரான் பதிப்பகம் வெளியிட்ட டெபுஸ்ஸியின் 'கடல்' இசைநூலின் அட்டையிலும் வந்தது. ஆனால் அப்படியே வரவில்லை. ஹொக்குசாயின் படத்தில் படகுகள் உண்டு, அவற்றில் குனிந்து ஒட்டிக்கிடக்கும் மனிதர்கள் உண்டு, தூரத்தில் ஃபுஜி மலை உண்டு. அட்டையில் இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு அலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த இசையைக் கேட்டவர்களுக்கு இது ஏன் என்று விளங்கும், அதில் கப்பலும் இல்லை, கரையில் நின்று பார்க்கிற ஆளும் இல்லை. இன்னொன்று, டெபுஸ்ஸி இதை எழுத ஆரம்பித்தது கடற்கரையிலேயே இல்லை, பர்கண்டியில், கடலுக்கு வெகுதூரத்தில், 1903 கோடையில். நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தன்னிடம் கடலைப் பற்றிய நினைவுகள் ஏராளம், நேரில் பார்ப்பதை விட அவையே மேல் என்கிற மாதிரிச் சொல்கிறார். தூரிகையோடு வெயிலில் போய் நின்ற மோனேயின் வழிக்கு இது நேர் எதிர்.

சரி, 'இம்ப்ரெஷனிசம்' என்ற சொல் எங்கிருந்து வந்து ஒட்டியது? அது முதலில் வசவாகத்தான் வந்தது. ரோம் பரிசு (இளம் பிரெஞ்சுக் கலைஞர்களை ரோமுக்கு அனுப்பும் பரிசு) வாங்கிய இளைஞனாக டெபுஸ்ஸி எழுதி அனுப்பிய ஒரு படைப்பைப் பார்த்துவிட்டு, தெளிவில்லாத இந்த இம்ப்ரெஷனிசத்திலிருந்து தள்ளி இரு என்று பிரான்சின் நுண்கலை அகாதமி 1887-இல் எச்சரித்தது. 1908-இல் அவரே பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், முட்டாள்கள் இம்ப்ரெஷனிசம் என்று சொல்வதை நான் செய்யவில்லை என்று எரிச்சலோடு எழுதுகிறார், அந்தச் சொல்லை ஆங்கில ஓவியர் டர்னர் மீதும் போய் ஒட்டுகிறார்களே என்று டர்னருக்காகவும் கோபப்படுகிறார். ஓவியர்கள் மேல் அவருக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. அவர்களோடு சேர்த்துக் கட்டிப்போடுவதுதான் பிடிக்கவில்லை.

இப்போது கவிதை. கவிஞர் மல்லார்மே பாரிஸில் ரோம் தெருவிலிருந்த தன் வீட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் நண்பர்களைக் கூட்டுவார். எழுத்தாளர்களும் ஓவியர்களும் வந்துபோகும் அந்தச் சின்ன அறைக்குப் போன மிகச் சில இசைக்காரர்களில் டெபுஸ்ஸியும் ஒருவர். மல்லார்மேயின் 'ஒரு ஃபானின் பிற்பகல்' கவிதைக்கு அவர் எழுதிய முன்னிசை 1894 டிசம்பரில் அரங்கேறியது. (ஃபான் என்பது பாதி ஆடு, பாதி மனிதனான வனத் தேவன்.) தனிப் புல்லாங்குழல் ஒன்று துணைக்கு யாருமில்லாமல் இறங்கி ஏறுகிற அந்த ஆரம்பத்தை நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். கவிதை 110 வரி, இசையும் 110 அளவைகள் (தாளக் கட்டங்கள்). வரிக்கு வரி அவர் இசையமைக்கவில்லை, ஆனால் இந்த எண்ணிக்கை தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. பியானோவில் வாசித்துக் காட்டியபோது மல்லார்மே வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இப்படி ஒன்றை எதிர்பார்க்கவில்லை, என் கவிதையின் உணர்ச்சியை இது நீட்டிக்கொண்டு போகிறது என்ற பொருளில் சொன்னதாக டெபுஸ்ஸி பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அந்தக் கதை அங்கே முடியவில்லை. 1912 மே மாதம் அதே இசைக்கு ருஷ்ய நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி நடனம் அமைத்து ஆடினார். கிரேக்கச் சாடியில் தீட்டிய உருவங்கள் போல ஆடுபவர்கள் எல்லாரும் பக்கவாட்டில் திரும்பியே நகர்ந்தார்கள். கடைசியில் ஃபான், ஓடிப்போன பெண்ணின் துகில்மேல் படுத்துச் செய்கிற அசைவைப் பார்த்து பாரிஸே இரண்டுபட்டது. பத்திரிகையில் ஒரு பக்கம் கண்டனம், மறுபக்கம் சிற்பி ரோதான் பெயரில் ஆதரவு. கவிதை இசையாகி, இசை நடனமாகி, நடனத்துக்காகச் சிற்பி சண்டைக்கு வந்தார்! டெபுஸ்ஸிக்கு மட்டும் அந்த நடனம் பிடிக்கவே இல்லை.

எனக்கு இதெல்லாம் புரிய ஆரம்பித்தது ஒரு சின்ன விஷயத்திலிருந்து. பியானோ கற்றுக்கொண்டிருந்தபோது டெபுஸ்ஸியின் 'முன்னிசைகள்' என்ற குட்டிப் பியானோ துண்டுகளில் எளிதான ஒன்றை டீச்சர் கொடுத்தார். பக்கத்தின் மேலே தலைப்பே இல்லை, ரோமன் எண் மட்டும். அச்சுப்பிழை என்று நினைத்தேன். வாசித்துக் கடைசி வரிக்கு வந்தால், முடிவுக்குக் கீழே சின்ன எழுத்தில், அடைப்புக்குறிக்குள், மூன்று புள்ளிக்குப் பின்: சணல்நிறக் கூந்தல்காரி. அது லெகோன்த் த லீல் எழுதிய ஒரு கவிதையின் தலைப்பு. 1910-லும் 1913-லும் வந்த இரண்டு தொகுதிகளிலுமாக 24 முன்னிசைகளுக்கும் இதே ஏற்பாடுதான், பெயர் கடைசியில். ஒன்றுக்குப் பெயர் போதலேரின் கவிதை வரி, இன்னொன்றுக்கு ஸ்பெயினிலிருந்து வந்த அஞ்சலட்டையில் பார்த்த வாசல். முதலில் கேள், அப்புறம் வேண்டுமானால் பெயரை வைத்துக்கொள் என்கிறார். கவிதையையோ படத்தையோ இசை 'விவரிக்கிறது' என்று எழுதுபவர்கள் அந்த மூன்று புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்.

ராவெல் இதில் வேறு மாதிரி. அவர் ஒளிக்க மாட்டார். 1908-இல் எழுதிய 'கஸ்பார் த லா நுயி' பியானோ நூலில் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அலோய்சியுஸ் பெர்த்ரானின் உரைநடைக் கவிதையை முழுதாக அச்சிடச் செய்தார். நடுப்பகுதியின் பெயர் 'தூக்குமரம்'. தூரத்து நகரத்தில் மணி அடிக்கிறது, அந்திவெயிலில் தூக்கிலிட்டவனின் உடல் தொங்குகிறது, கவிதை இவ்வளவுதான். ராவெல் பி ஃபிளாட் என்ற ஒரே ஸ்வரத்தை எடுத்துக்கொண்டு முதல் அளவையிலிருந்து கடைசி வரை அதே தாளத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறார். சுற்றிலும் மற்ற ஸ்வரங்கள் என்னென்னவோ ஆகின்றன, மணி மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரவில் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

டெபுஸ்ஸியும் ராவெலும் 1913-இல் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் மல்லார்மேயின் மூன்று கவிதைகளை எடுத்து இசையமைத்தார்கள், அதில் இரண்டு கவிதைகள் ஒன்றேதான். ஒரே தலைமுறை எந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்திருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

இந்த மூவரில் ஓவியர்களோடு உண்மையாகவே கலந்து வேலை செய்தவர் சாட்டிதான். பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் காபரே (பாட்டும் ஆட்டமும் நடக்கும் மதுவிடுதி) பியானோக்காரராக இருந்த நாளிலிருந்தே அவர் வட்டம் ஓவியர் வட்டம், 1893-இல் அவர் காதலித்த சுசான் வலதோனே பெரிய ஓவியர், சாட்டியை வரைந்தும் இருக்கிறார். சாட்டி என்றால் எல்லாரும் 'பராட்' பற்றிப் பேசுவார்கள். 1917 மே மாதம், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, தியாகிலெவின் ருஷ்ய பாலே குழு அதை மேடையேற்றியது. கதை கொக்தோ, நடனம் மஸ்ஸீன், திரையும் உடைகளும் பிக்காசோ. இசைக்குழுவில் தட்டச்சு இயந்திரமும் துப்பாக்கிச் சத்தமும் சைரன் ஒலியும் சேர்ந்தன. நிகழ்ச்சிக் குறிப்பில் அப்போலினேர் எழுதிய ஒரு புதுச் சொல்தான் 'சர்ரியலிசம்'. தாக்கி எழுதிய விமர்சகருக்குச் சாட்டி திட்டி அஞ்சலட்டை போட்டு வழக்கில் மாட்டிக்கொண்டார். இதெல்லாம் எங்கும் படிக்கலாம்.

எனக்குப் பிடித்தது அதற்கு மூன்று வருடம் முன்னால் அவர் எழுதிய 'விளையாட்டுகளும் பொழுதுபோக்குகளும்'. லூசியன் வோழெல் என்ற பதிப்பாளர், ஷார்ல் மார்த்தென் வரைந்த படங்களுக்கு இசை கேட்டார். ஊஞ்சல், மீன்பிடிப்பு, கோல்ஃப், டென்னிஸ், பணக்காரப் பாரிஸ்காரர்களின் பொழுதுபோக்குகள். இருபது குட்டித் துண்டுகள், முன்னால் ஒரு சின்னக் கோரால் (தேவாலயப் பாட்டு மாதிரியான துண்டு), பல துண்டுகள் ஒரு நிமிடத்தைக்கூடத் தாண்டாது. சாட்டி இவற்றைத் தன் கையெழுத்திலேயே எழுதினார். சிவப்பு மையில் கோடுகள், கறுப்பில் ஸ்வரங்கள், இடையிடையே அவரே எழுதிய வாசகங்கள், எழுத்துகள் பழைய ஏட்டுப்பிரதி மாதிரி நிமிர்ந்து நிற்கும், பதிப்பாளரும் அதை அப்படியே நகலெடுத்துத்தான் அச்சிட்டார். ஊஞ்சல் துண்டில் இடதுகை தாழ்ந்த ஸ்வரத்துக்கும் உயர்ந்த ஸ்வரத்துக்கும் போய்ப்போய் வருகிறது, மேலே வாசகத்தில் ஊஞ்சலாடுவது ஒரு இதயம், அது மறுபடி என் நெஞ்சுக்குள் திரும்பி வருமா என்று கேட்கிறார். பார்க்கவும் படிக்கவும் வாசிக்கவும் ஒரே பக்கத்தில் அடங்கியது. இதற்குள் போர் வந்து பதிப்பு நின்றுபோனது. போர் முடிந்து பார்த்தால் பெண்களின் உடை, முடி, எல்லாப் பாணியும் மாறிவிட்டிருக்க, மார்த்தென் படங்களைப் புதிதாக வரைந்தார், 1923-இல் புத்தகம் வந்தது. இசை 1914-லேயே நிற்கிறது, படம் அதைவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. படத்துக்கு இசை என்ற எளிய கணக்கு எங்கே உடைகிறது என்பதற்கு இந்தப் புத்தகத்தைத்தான் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன்.

1924-இல் ஓவியர் பிக்காபியாவின் பாலே ஒன்றின் இடைவேளைக்கு ரெனே க்ளேர் எடுத்த குறும்படத்துக்கும் சாட்டியே இசை எழுதினார். காட்சி காட்சியாக நீளம் கணக்கிட்டு எழுதியது, அந்தக் காலத்தில் மிக அபூர்வம். படத்தில் கூரைமேல் பீரங்கிக்குப் பக்கத்தில் துள்ளுகிற தாடிக்காரர் அவர்தான். அடுத்த ஆண்டு ஜூலையில் இறந்துவிட்டார்.

கடைசியாக, நம் ஆட்களுக்கு அதிகம் தெரியாத ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. ராவெலின் மாணவர், நண்பர் மோரீஸ் தெலாழ். இவர் 1912 வாக்கில் இந்தியா வந்து போனவர். அந்தப் பயணத்தை ஒட்டி எழுதிய 'நான்கு இந்துக் கவிதைகள்' பாடல்களுக்கு மெட்ராஸ், லாகூர், பனாரஸ், ஜெய்ப்பூர் என்று ஊர்ப் பெயர் வைத்தார், மெட்ராஸ் பாட்டின் சொற்கள் பழைய சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியிடமிருந்து வந்தவை. 1914 ஜனவரியில் அது அரங்கேறிய அதே கச்சேரியில்தான் நான் மேலே சொன்ன ராவெலின் மல்லார்மே பாடல்களும் ஒலித்தன. தெலாழ் இந்திய இசைத்தட்டுகளை ஊன்றிக் கேட்டவர். அவருடைய 'ராகமாலிகா' (ஆம், அதுதான் தலைப்பு) கோயம்புத்தூர் தாயி கிராமபோனில் பாடிய ஓர் அருட்பாவை ஒட்டி எழுதியது. அதில் பியானோவின் பி ஃபிளாட் கம்பிக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகச் சொல்கிறார், நம் ஊர்த் தோல்வாத்தியம் மாதிரி ஒலி மழுங்கி வர. குரு தூக்குமரத்து மணியாக அடித்த அதே ஸ்வரம்.

தாயியின் பழைய பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் அவரைக் கேளுங்கள், அப்புறம் தெலாழ்.