அப்பா அம்மாவோடு டூர்: சீட்டை எடுக்கலாமா, லோன் போடலாமா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன், சம்பளம் 44,000 ரூபாய். மனைவி வீட்டிலேயே தைக்கிறார், 14,000 வரை வரும். அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு 64, முழங்கால் வலி. மகளுக்கு 13, மகனுக்கு 8. 2021 மே மாதம் அப்பா கொரோனாவில் 14 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்றரை லட்சம் ஆனது. அப்போது அடகு வைத்த நகையைப் போன வருடம்தான் மீட்டோம். அதன்பின் குடும்பமாக எங்கேயும் போகவில்லை. மைசூர், கூர்க், வயநாடு ஐந்து நாள், ஆறு பேருக்கு 1,10,000 என்று ஒரு டிராவல்ஸில் சொல்கிறார்கள், தவணையும் உண்டாம். இல்லையென்றால் நண்பரின் காரை வாடகை பேசி எடுத்துப் போகலாம். ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 மாதத்தில் ஐந்தாவது மாதம் ஓடுகிறது. பேங்கில் டெபாசிட் 1,60,000. மாதம் 9,000 மிஞ்சும். கம்பெனி இன்சூரன்ஸில் நான், மனைவி, குழந்தைகள் மட்டும். அம்மாவுக்குக் கடல் பார்க்க ஆசை. எந்தப் பணத்தை எடுத்துப் போகலாம்?

பதில்: கண்டிப்பாகப் போய் வாருங்கள். நகையை மீட்டு, கடனை முடித்து, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் அப்பா நடமாட்டத்தோடு இருக்கும்போதே போவதுதான் நல்லது. ஆனால் சீட்டு, தவணைக் கடன், டெபாசிட் இந்த மூன்றில் எதையும் டூருக்குத் தொட வேண்டாம்.

சீட்டை ஐந்தாவது மாதத்திலேயே ஏலத்தில் தள்ளி (தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து) எடுத்தால் ஒரு லட்சம் முழுதாக வராது. 25,000 தள்ளினால் கைக்கு வருவது 75,000. ஊருக்குத் திரும்பிய பின்னும் மீதி மாதங்களுக்குச் சீட்டுப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லோனும் அப்படித்தான். ஒரு லட்சத்தை 14 சதவீத வட்டிக்கு இரண்டு வருடத் தவணையில் எடுத்தால் மாதம் 4,800 ரூபாய் போகும், மொத்தம் 1,15,000 கட்டியிருப்பீர்கள். டெபாசிட்டில் இருக்கும் 1,60,000 உங்கள் அப்பாவின் அடுத்த 14 நாளுக்கான பணம். அது இல்லாததால்தான் 2021-ல் நகை அடகுக் கடைக்குப் போனது.

அந்த டெபாசிட்டில் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் கை வையுங்கள். அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுங்கள். வயதாகிவிட்டது, கிடைக்காது என்று நினைக்காதீர்கள். 65 வயது வரம்பை 2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எடுத்துவிட்டது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலத்தையும் அதிகபட்சம் 3 வருடம் என்று குறைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. சர்க்கரை இருப்பதால் பிரீமியம் கூடத்தான் செய்யும், 35,000 ஒதுக்கி வையுங்கள். விண்ணப்பத்தில் சர்க்கரையையும் 2021 ஆஸ்பத்திரி விவரத்தையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். 'அதைப் போட வேண்டாம் சார், பிரீமியம் ஏறும்' என்று யாராவது சொன்னால் அவரிடம் பாலிசி எடுக்காதீர்கள். மறைத்தால் நாளைக்கு கிளெய்ம் நிற்காது. விபத்துக்கு முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. புதிதாக வரும் பெரும்பாலான நோய்களுக்குப் பொதுவாக 30 நாள் போக வேண்டும். அதனால் கிளம்பும் வாரத்தில் எடுத்துப் பயனில்லை, இந்த மாதமே எடுங்கள்.

மீதி 1,25,000-ல் 25,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். ஒரு லட்சத்தை 50,000 வீதம் இரண்டு டெபாசிட்டாகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் இன்னொன்றின் வட்டி கெடாது.

டூருக்கு மாதம் மிஞ்சும் 9,000 போதும். 6,000 ரூபாய்க்கு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் டெபாசிட்) போடுங்கள், எட்டு மாதத்தில் 48,000-மும் கொஞ்சம் வட்டியும் சேரும். மீதி 3,000 அடுத்த வருட பிரீமியத்துக்கு.

48,000-க்கு மைசூர், கூர்க், வயநாடு முடியாதுதான். முடிந்தாலும் நான் வேண்டாம் என்பேன். சத்தியமங்கலம் வழியாகப் போனால் திம்பத்தில் மட்டும் 27 கொண்டை ஊசி வளைவு. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அந்தப் பாதையில் வண்டி விடுவதில்லை, அதனால் விடிவதற்குள் மலையைத் தாண்டிவிடவும் வழியில்லை. அப்புறம் கூர்க், வயநாடு எல்லாம் மலைப்பாதை. ஐந்து நாளில் மூன்று ஊர் என்றால் மூட்டுவலிக்காரர் பாதி நாள் காலை மடக்கிக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஊரின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், வசதியைக் குறைக்கக் கூடாது. வயதானவர்களைக் கூட்டிப் போகும்போது ஏசி பெர்த்தும் நல்ல கழிப்பறையும் ஆடம்பரம் இல்லை.

அம்மா கேட்டது கடல்தானே? கன்னியாகுமரி போங்கள். கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாக நாகர்கோவிலுக்கு இரவு ரயில் இருக்கிறது. ஏறிப் படுத்தால் காலையில் இறங்கலாம், அங்கிருந்து இருபது கிலோமீட்டர்தான். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் நெரியும் என்பதால் அரையாண்டு விடுமுறை வேண்டாம், காலாண்டு விடுமுறைக்குப் போங்கள். எட்டு மாதக் கணக்கும் அதற்குத்தான் சரியாக வரும். படகு வரிசையில் அம்மா நிற்க முடியாவிட்டால் கரையிலேயே அப்பாவோடு உட்காரட்டும். அங்கிருந்தே கடல் தெரியும்.

என் கணக்கு இது. ஆறு பேருக்கும் மூன்றடுக்கு ஏசி போகவர 11,000. இரண்டு ரூம், இரண்டு இரவு, 3,500 வீதம் 5 சதவீத ஜிஎஸ்டியோடு 14,700. இரண்டு நாள் கார் 8,000. சாப்பாடு 9,000. படகு, சங்கு மாலை, சில்லறைச் செலவு 6,000. ஆக 48,700. இதில் சாப்பாட்டுச் செலவைக் குறைக்கப் பார்க்காதீர்கள். சர்க்கரைக்காரர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

கார் என்றதும் ஒன்று. நண்பரின் வெள்ளை போர்டு வண்டிக்கு வாடகை பேசவே பேசாதீர்கள். சொந்த உபயோகத்துக்கு இன்சூரன்ஸ் செய்த வண்டி வாடகைக்கு ஓடும்போது அடிபட்டால் கம்பெனி கையை விரிக்க இடமிருக்கிறது. ஆறு பேர் உட்காரும் வண்டிக்கு அந்த ஆபத்து வேண்டாம். கன்னியாகுமரியில் மஞ்சள் போர்டு வண்டியாகப் பார்த்துப் பேசுங்கள்.

ரூம் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். தரைத்தளம் என்று போனில் சொல்லிப் பணமும் கட்டியிருந்தேன். போய் இறங்கினால் இரண்டாவது மாடி, லிப்ட் இல்லை. அம்மா ஆறாவது படியில் உட்கார்ந்து, முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, 'நீ போ சாமி, நா மெதுவா வாரேன்' என்றார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்து 'தரைத்தளம், மேலைநாட்டுக் கழிப்பறை' என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்புவதில்லை. கிளம்பும் முந்தின நாள் மறுபடி போன் செய்தும் கேட்பேன்.

இன்னொன்று, எல்லாப் பணமும் உங்கள் ஒருவர் போனிலேயே இருக்கிறதா? உங்களுக்கே உடம்பு சரியில்லாமல் போனால் ஆஸ்பத்திரியில் முன்பணம் யார் கட்டுவது? அந்த 25,000 இருக்கும் கணக்கில் மனைவியையும் சேருங்கள். அவர் போனிலும் யுபிஐ வேண்டும், கையில் 5,000 ரொக்கமும் வேண்டும். அப்பாவின் மருந்துச் சீட்டு, இன்சூரன்ஸ் அட்டை இரண்டையும் படம் எடுத்து இருவர் போனிலும் வையுங்கள். மாத்திரைகளை நான்கு நாள் கூடுதலாக எடுத்து, பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

கடைசியாக டிக்கெட். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, முழுக் கட்டணமே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அது கிடைக்காது. அப்பா, அம்மா இருவருக்கும் மட்டும் மூத்த குடிமக்கள் கோட்டாவில் தனி டிக்கெட், உங்கள் நால்வருக்கு இன்னொன்று. பெட்டி வேறாக வந்தால் மகளை ஒரு பக்கம், உங்களை ஒரு பக்கம் மாற்றி உட்காரப் பேசிக்கொள்ளலாம். விபத்துக் காப்பீடு வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள், ஒரு ரூபாய்கூட ஆகாது, 10 லட்சம் வரை காப்பு. முன்பதிவு திறக்கும் நாளைக் காலண்டரில் குறித்து, காலை 8 மணிக்கு மனைவி ஒரு போனிலும் நீங்கள் ஒரு போனிலும் உட்காருங்கள். அப்பா அம்மா டிக்கெட்டை முதலில் போடுங்கள்.