குறுக்கே வருபவரை விட்டுப் பிடியுங்கள்

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஞாயிறு மாலைகளில் இருவருக்கு இருவராகப் பிரிட்ஜ் சீட்டு ஆடுகிறோம். ஏலத்தில் பார்ட்னர் ஒரு ஸ்பேடு சொன்னதும், எதிராளி சுமாரான கையை வைத்துக்கொண்டு இரண்டு டயமண்ட் என்று குறுக்கே வருகிறார். எனக்கு டயமண்ட் ஐந்து இருந்தாலும், டபுள் சொல்லி அவர் அபராதத்தைக் கூட்டி அடிக்க முடியவில்லை. எங்கள் டபுள் நெகட்டிவ், அதாவது அடிப்பதற்கல்ல, இன்னும் சொல்லாத சின்னம் கையில் இருப்பதைக் காட்டுவதற்கு. என்ன செய்வது?”

பாஸ் சொல்லுங்கள் ஐயா. உங்கள் டபுள் ‘ஹார்ட் இருக்கிறது’ என்றுதான் பார்ட்னரிடம் சொல்லும். அடிக்கும் டபுள் அவரிடமிருந்து வரட்டும்.

இப்படி ஒரு கை: ஸ்பேடு 4, ஹார்ட் ஏஸ், 8, 3, டயமண்ட் ராஜா, ஜாக்கி, 9, 7, 5, கிளப் ராணி, 10, 6, 2. இதில் ஐந்து டயமண்டைவிட அந்த ஒற்றை ஸ்பேடைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உங்களிடம் ஸ்பேடு மூன்று இருந்தால், பார்ட்னரின் ஸ்பேடை எதிராளிகள் சீக்கிரமே துருப்பால் வெட்டிவிடுவார்கள்.

பாஸ் வழக்கமான வேகத்தில் வர வேண்டும். பெருமூச்சு விட்டு, சீட்டை மாற்றி அடுக்கி, அப்புறம் பாஸ் சொன்னால் பார்ட்னருக்கு முறையற்ற தகவல் போய்விடும். போட்டியில் நடுவரான டைரக்டர் ஸ்கோரையே திருத்தலாம்.

அடுத்தவரும் பாஸ் சொல்லிவிட்டால், முழுப் பொறுப்பும் பார்ட்னருடையது. டயமண்ட் ஒன்றோ இரண்டோதான் என்றால், புள்ளி குறைவாக இருந்தாலும் பெரும்பாலும் அவர் டபுள் சொல்லியே ஆக வேண்டும். சத்துவாச்சாரியில் என் எதிரே உட்கார்ந்தவர் ஒருநாள் இதை மறந்துவிட்டார். வல்னரபிள் (அபராதம் கூடுதலாகும் நிலை) இல்லாத எதிராளி, சொன்னதற்கு மூன்று பிடி (சுற்று வெற்றி) குறைந்தும் எங்களுக்கு 150தான். டபுள் இருந்திருந்தால் 500. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

எதிராளி வல்னரபிள் என்றால் தயங்காதீர்கள். டபுளில் ஒரு பிடி குறைந்தாலே 200, இரண்டு குறைந்தால் 500. அவர் சொன்னபடி இரண்டு டயமண்டை எடுத்தேவிட்டாலும் 180தான் போகும். அவர் குறுக்கே சொன்னது இரண்டு ஹார்ட் என்றால் கதை வேறு: டபுளோடு எடுத்தால் அது கேம் (பெரிய போனஸ் கிடைக்கும் அளவு), 670. அங்கே துருப்பு கெட்டியாக இருந்தால் மட்டும் பார்ட்னரின் டபுளை அப்படியே விட்டு உட்காருங்கள்.

ஆட்டத்தில் ஒற்றை ஸ்பேடை முதலில் இறக்குங்கள். அதில் பார்ட்னர் பிடி எடுத்தால், டம்மியில் (மேசையில் விரித்து வைக்கும் எதிராளியின் ஜோடிக் கையில்) ஸ்பேடு குறைவாக இருக்கும்போது உடனே டயமண்ட் இறக்க வேண்டும். அது எதிராளியைத் தாண்டி உங்கள் ராஜா, ஜாக்கிக்கு வரும். டம்மியின் துருப்பும் கரையும்.