வாழைப்பழத்தில் எலிமருந்து வைத்தால் குரங்கு வராதா?

“பாயா தெருபோங்கில் ஏழாவது மாடி வீடு. பின்னால் மலை. குரங்குகள் அடுப்படிக்குள் புகுந்து ரொட்டி, முட்டை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகின்றன. எதிர்வீட்டு அண்ணன் வாழைப்பழத்தில் எலிமருந்து வைக்கலாம் என்கிறார். சரியா?” என்று பினாங்கு வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம்மா. கடையில் விற்கும் எலிமருந்தில் பெரும்பாலானது ரத்தத்தை உறையவிடாத வகை. தின்ற குரங்கு உடனே விழாது. சில நாள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, எங்கோ புதரில் போய்ச் சாகும். தாயாக இருந்தால் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும் குட்டியும் போச்சு. தின்றதற்கும் செத்ததற்கும் இடையே நாள்கள் ஓடிவிடுவதால், மற்ற குரங்குகளுக்கு உங்கள் வீட்டுப் பழத்தின் மேல் எந்தச் சந்தேகமும் வராது. இன்னொன்று: நீள்வால் குரங்குக்குக் கன்னத்தில் பை உண்டு. பழத்தை அதில் அடக்கிக்கொண்டு போய் வேறிடத்தில்தான் தின்னும். சிந்தியது கீழே பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் கிடக்கலாம்.

சட்டமும் சும்மா விடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தக் கொடுமைக்குச் சிறைத்தண்டனை வரை உண்டு.

வந்தது எந்தக் குரங்கு என்றும் பாருங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் அது லொத்தோங், இலை தின்னி. உங்கள் முட்டையை எடுத்தது அநேகமாக அது இல்லை. ஆனாலும் கல்லடி அதற்கும் சேர்த்துத்தான் விழுகிறது. இதே தீவில், தெலுக் பகாங்கில், லொத்தோங் சாலையில் அடிபடாமல் கடக்க 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களால் மேலே பாலம் கட்டினார்கள்!

இனி வேலைக்கு வருவோம். அடுப்படி ஜன்னலுக்குக் கெட்டியான கம்பிவலை அடியுங்கள்; கொசுவலையைக் கிழித்துவிடும். பழத்தை மேசையில் வைக்காதீர்கள். குப்பையை ராத்திரியே வெளியில் வைக்காமல், லாரி வரும் காலையில் இறக்குங்கள். குப்பை அறைக் கதவை நிர்வாகத்திடம் சொல்லி மூடவையுங்கள். பத்துத் தடவை வந்து ஒரு தடவை கிடைத்தாலும் குரங்கு விடாது. அதனால் ஒரு வீடு மட்டும் செய்து பலனில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும்போது அனுமார் என்று பழம் நீட்டுகிறோமே, அதையும் நிறுத்த வேண்டும். மனிதன் கையில் இருப்பது தீனி என்று கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான்.

உள்ளே புகுந்துவிட்டால் வாசலை மறிக்காதீர்கள். கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள். இரண்டும் அதற்குச் சண்டைக்கு அழைப்பு. ஒதுங்கி நின்று துடைப்பத்தால் தரையைத் தட்டினால் வந்த வழியே போகும். பட்டாசு வேண்டாம். மிரண்ட குரங்கு அடுத்த வீட்டுக்குள் பாயும், மூலையில் மாட்டினால் கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

குறிப்பிட்ட ஒரு கடுவன் மட்டும் ஆளைத் துரத்துகிறது என்றால் படம், நேரம் குறித்துப் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் புகார் கொடுங்கள். எதிர்வீட்டு அண்ணனிடம் டிரில் மெஷின் இருந்தால், வலை அடிக்க அவரையே கூப்பிடுங்கள்.